துணி ஒருவருடையது, தையல் இன்னொருவருடையது

திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்தில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் யாரிடமாவது போய், "இந்தச் சட்டை யார் தயாரிப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். "நம்முடையதுதான்" என்பார். "எங்கே தைக்கிறீர்கள்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால், "தைத்து வாங்குகிறோம்" என்று பதில் வரும். அதற்கு மேல் பேச மாட்டார். தொழில் ரகசியம்! எந்தத் தெருவில், யார் வீட்டில், என்ன கூலிக்கு என்பது பக்கத்துக் கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டால், அந்தத் தையல்காரர் நாளைக்கே கை மாறிவிடுவாரே என்ற பயம்.

"தைத்து வாங்குகிறோம்" என்ற அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு பெரிய தொழிலே அடங்கிக் கிடக்கிறது. துணி கடைக்காரருடையது. சட்டைக் கழுத்தில் வைத்துத் தைக்கும் பெயர்த்துண்டும் அவருடையதே. விலை போடுவதும் அவர்தான். மிஷின், கரண்டு, நூல், முதுகுவலி ஆகியவை மட்டும் இன்னொருவருடையவை. சட்டத்தில் இதற்கு ஜாப் ஒர்க் என்று பெயர். நம் ஊர்ப் பேச்சில் கூலிக்குத் தைப்பது.

இந்த வியாபாரத்தில் நம்மவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். கடை முதலாளிகளில் தமிழர் உண்டு. கணக்கு எழுதும் குமாஸ்தா, மூட்டை தூக்குகிறவர், கட்டிங் மாஸ்டர், வீட்டு முன்னறையில் ஒரு மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கும் அக்கா என்று எல்லோரிலும் நம்மவர் உண்டு. எனவே, வேலையை வெளியே கொடுத்து வாங்கும் இந்த முறையில் யார் கையில் என்ன தங்குகிறது என்று பார்ப்பது நமக்குப் புறம்பான விஷயம் அல்ல.

பாலராமபுரத்தில் தொடங்கிய கதை

வேலையை வெளியே கொடுப்பது ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று நினைப்பவர்கள், கிழக்கே கோட்டையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரை சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் போனால் போதும். பாலராமபுரம் வந்துவிடும். திருவிதாங்கூரை 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராம வர்மா மகாராஜாவின் பெயர் தாங்கிய ஊர் அது. வேலுத்தம்பிக்குப் பிறகு தளவாயாக வந்த உம்மிணித் தம்பி, அரண்மனைக்கு வேண்டிய மெல்லிய துணிகளை நெய்வதற்காகத் தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்து வந்து அங்கே குடியேற்றினார் என்பது வழிவழியாக வரும் வரலாறு. முதலில் வந்தவை ஏழு குடும்பங்கள் என்று சொல்வார்கள். ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அவர்கள் குடியிருந்த தெருக்களின் பெயர்களே நம் ஊர்ப் பெயர்களாக இருப்பதைப் பாருங்கள்.

ராஜ்யத்துக்குத் துணி வேண்டும். தறி வைத்து நடத்த ராஜ்யத்துக்கு நேரமில்லை. நெய்யத் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, வீடு கொடுத்து, வேலை கொடுத்தார்கள். இதே காரியத்தைச் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அதற்கும் முக்கால் நூற்றாண்டு முன்பே செய்திருக்கிறார்கள். 1734-இல் சிந்தாதிரிப்பேட்டை உண்டானதே நெசவாளர்களைக் குடியமர்த்தத்தான். சின்னத் தறிப்பேட்டை என்பதுதான் அப்படி மருவியது என்பார்கள். நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பது, துணியாகக் கழித்துக்கொள்வது, முன்பணம் தீரும் வரை வேறு யாருக்கும் நெய்யாதபடி பார்த்துக்கொள்வது ஆகியவை கம்பெனி வியாபாரத்தின் அடிப்படை.

பாலராமபுரத்தில் அந்த ஏற்பாடு வேறு உருவில் இன்னும் இருக்கிறது. நெசவாளியின் வீட்டில் தறி இருக்கும். நூலும் கசவும் மாஸ்டர் நெசவாளர் எனப்படும் முதலாளியிடமிருந்தோ சங்கத்திலிருந்தோ வரும். 100, 120 நம்பர் நைசு நூலைப் பாவாக்கி, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுவதற்குள் இழை இழையாகப் பிரித்து உலர்த்தி, பிறகு குழித்தறியில் ஏற்ற வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் அன்றைய வேலை போச்சு. அந்த நஷ்டம் யாருக்கு? நெசவாளிக்குத்தான். நெய்து கொடுத்த முழத்துக்குத்தானே கூலி! தெருவில் நின்ற நேரத்துக்கும், வானம் பார்த்த நேரத்துக்கும் யாரும் கூலி எழுதுவதில்லை.

அரசாங்கமே வேலை கொடுப்பவராக வந்த காலத்திலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறவில்லை. 2017 வாக்கில் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை இலவசமாகத் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. தெற்கு மாவட்டங்களுக்கு ஹான்டெக்ஸ், வடக்குக்கு ஹான்வீவ் என்று பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். தூங்கிக் கிடந்த தறிகள் மீண்டும் ஓடின. நல்ல திட்டம்தான், சந்தேகமில்லை. ஆனால் சில ஆண்டுகளில் கூலி மாதக்கணக்கில் பாக்கி விழுந்து, நெசவாளர்கள் தெருவுக்கு வந்து முறையிட நேர்ந்ததையும் பத்திரிகைகளில் படித்தோம். வேலை கொடுப்பவர் கடைக்காரரானாலும் சர்க்காரானாலும், பணம் நிற்கும் இடம் ஒன்றுதான்.

கடைக்காரர் ஏன் வெளியே கொடுக்கிறார்?

கடைக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் பக்கத்துச் சங்கடமும் உண்மையானதே. கேரளத்தில் துணி வியாபாரம் வருஷம் முழுக்க ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஜூன் முதல் தேதி பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் சீருடைக்கு அலை மோதும். பிறகு ஆடிமாதம் போல ஒரு மந்தம். சிங்கம் பிறந்தால் ஓணம்; கசவு முண்டும் புடவையும் சட்டையும் நிற்க நேரமில்லாமல் போகும். நடுவில் ரம்ஜான், கிறிஸ்துமஸ். இப்படி ஏறி இறங்கும் வியாபாரத்துக்கு இருபது மிஷின் வாங்கிப் போட்டு இருபது பேருக்கு மாதச் சம்பளம் கொடுத்தால், மந்த மாதங்களில் முதலே கரைந்துவிடும். சாலையிலும் பழவங்காடியிலும் இடத்து வாடகையோ சொல்லவே வேண்டாம். ஆகவே கூட்டம் உள்ளபோது வேலை கொடுப்போம், இல்லாதபோது நிறுத்திக்கொள்வோம் என்று நினைக்கிறார். வியாபாரி அப்படித்தான் நினைப்பார்.

இதில் கெட்டிக்கார வியாபாரிகள் ஒரு காரியம் செய்வார்கள். தையலை வெளியே கொடுத்தாலும் கத்தரியைக் கையை விட்டு விடமாட்டார்கள். துணியை அடுக்கடுக்காக விரித்து, மாதிரி அட்டை வைத்துக் கோடு போட்டு, கட்டிங்கைத் தம் கடை மாடியிலேயே முடித்துக்கொள்வார்கள். காரணம் இரண்டு. முழுத் துணியைத் தூக்கிக் கொடுத்தால் எத்தனை மீட்டர் போனது, எத்தனை சட்டை வந்தது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. வெட்டிய துண்டாக எண்ணிக் கொடுத்தால் எண்ணி வாங்கிக்கொள்ளலாம். அந்தத் துண்டை வைத்துக்கொண்டு வேறு யாரும் எதுவும் செய்ய முடியாது. இரண்டாவது, துணியில் ஓட்டை, கறை, நிறம் மாறிய பாகம் இருந்தால் கட்டிங் மேஜையிலேயே கண்ணில் படும். தைத்த பிறகு அதைக் கண்டால், குற்றம் மில்லுடையதா, தையல்காரருடையதா என்று வாதாட வேண்டியதுதான். அந்த வாதத்தில் ஜெயிப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை!

இவ்வளவு தொல்லை எதற்கு என்று, ஈரோட்டுச் சந்தையில் ரெடிமேட் சரக்கையே மொத்தமாக எடுத்து வந்துவிடுகிறவர்களும் உண்டு. ஓணத்துக்கு முன்னால் ஈரோட்டில் கேரள வியாபாரிகளின் கூட்டத்தைப் பார்க்க வேண்டும். அதில் தப்பில்லை. விசைத்தறி முண்டை விசைத்தறி முண்டு என்று சொல்லி விற்றால் யாருக்கு என்ன நஷ்டம்? அதன் மேல் பாலராமபுரம் என்று சீட்டு ஒட்டும்போதுதான் தப்பு வந்துவிடுகிறது. பாலராமபுரம் புடவைக்கும் மெல்லிய பருத்தித் துணிக்கும் புவிசார் குறியீடு 2009-10 நிதியாண்டில் கிடைத்தது. அந்தப் பெயர் அந்தக் குழித்தறிக்காரரின் சொத்து. வேறு ஊர்ச் சரக்குக்கு அதை வைத்து விற்பவர், கஞ்சி தோய்த்து வெயிலில் நின்றவரின் கூலியில் கை வைக்கிறார்.

திருப்பூர் காட்டிய வழி

வேலையைப் பிரித்துக் கொடுப்பதில் உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய ஊர் திருப்பூர். அங்கே ஒரு பனியன் உருவாவதைக் கவனியுங்கள். நூல் வாங்குபவர் ஒருவர். அதை நிட்டிங் செய்பவர் வேறொருவர். வெளுப்பதும் சாயம் போடுவதும் மூன்றாமவர். பிறகு காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, தையல், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டறை. தையலை மட்டும் எடுத்துச் செய்யும் பவர்டேபிள் பட்டறைகள் எத்தனையோ! ஆர்டர் வாங்கிய கம்பெனிக்காரர் சில சமயம் தம் இடத்தில் கட்டிங்கும் பேக்கிங்கும் மட்டுமே வைத்திருப்பார். மற்றதெல்லாம் ஊர் முழுக்கச் சுற்றி வரும்.

இது எப்படி வந்தது? திறமையால் மட்டும் வரவில்லை. பின்னலாடை நீண்ட காலம் சிறுதொழிலுக்கென்று ஒதுக்கப்பட்ட தொழில். ஒரே கூரையின் கீழ் பெரிதாக முதல் போட முடியாது. எனவே பல சிறு கூரைகளாகப் பிரிந்தே வளர்ந்தார்கள். அந்த ஒதுக்கீடு 2005-இல்தான் நீங்கியது. இன்னொரு காரணமும் உண்டு. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பஞ்சப்படி கிடைத்தது. ஆனால் அதன் பிறகு முதலாளிகள் பலர், ஒரே இடத்தில் ஆள் சேர்ந்தால்தானே சங்கடம் என்று வேலையைச் சிறு பட்டறைகளுக்கும் காண்ட்ராக்டர்களுக்கும் பிரித்து விட்டார்கள். கேட்டு வாங்கியது ஒரு கையில் வந்தது. கேட்கும் பலம் மறு கையால் போனது.

வேலை பிரிந்தால் பொறுப்பும் பிரிந்துவிடும். நொய்யல் நதியின் கதி அதற்குச் சாட்சி. சாயக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிகளுக்குப் பகையானது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சாயம் போட்டவர் மாட்டிக்கொண்டார். சாயம் போடச் சொன்னவர்? அவர் வேறு ஊரில் சாயம் போட்டுக்கொண்டார்.

திருப்பூரை அடுத்த பல்லடம், சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர்களும் கூலிக்கு நெய்பவர்களே. தறி சொந்தம், நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது. பேசி ஒப்புக்கொண்ட கூலி கிடைக்கவில்லை என்று 2022-லும் 2025-லும் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திவைத்தார்கள். சொந்தத் தறி வைத்திருப்பவரை முதலாளி என்று ஊர் சொல்லும். ஆனால் கூலி கேட்டுப் பட்டினி கிடக்கும் முதலாளியை வேறெந்தத் தொழிலில் பார்க்க முடியும்?

நஷ்டம் இறங்கும் படிக்கட்டு

நம் ஊருக்கே திரும்புவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். கீழே உள்ளவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான். உங்கள் பட்டறை எண்களை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு மிஷின் வைத்திருக்கும் ஒருவர், பள்ளிச் சீருடைச் சட்டை 1,000 தைத்துத் தர ஒப்புக்கொள்கிறார். சட்டைக்கு 45 ரூபாய். தைப்பவர்களுக்குச் சட்டைக்கு 30 ரூபாய் போகிறது. நூல், ஊசி, கரண்டு, வாடகை 8 ரூபாய். மிச்சம் 7 ரூபாய். ஆயிரம் சட்டைக்கு 7,000 ரூபாய் லாபம். பரவாயில்லையே என்று தோன்றும்.

சரக்கு கொடுத்தாயிற்று. "அடுத்த வாரம் வாங்க அண்ணா" என்கிறார் கடைக்காரர். அந்த அடுத்த வாரம் மூன்று மாதம் கழித்து வருகிறது. இதற்குள் தையல்காரர்களுக்குச் சனிக்கிழமைதோறும் கூலி கொடுத்தாக வேண்டும். 38,000 ரூபாய் கையை விட்டுப் போயாகிவிட்டது. அதை நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருந்தால், மாதம் 1,140. மூன்று மாதத்துக்கு 3,420. லாபத்தில் பாதி வட்டிக்குப் போயிற்று. கடைசியில் பணம் தரும் நாளில், "ஐம்பது சட்டை டேமேஜ்" என்று சொல்லி, சட்டைக்கு 150 ரூபாய் துணி விலை போட்டு 7,500 ரூபாயைக் கழித்துக்கொள்கிறார். ஆக, ஆயிரம் சட்டை தைத்தவருக்குக் கிடைத்தது 3,920 ரூபாய் நஷ்டம்.

இதில் கடைக்காரர் கொள்ளையடித்துவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. அவருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தோ மொத்த வியாபாரியிடமிருந்தோ பணம் வராமல் இருந்திருக்கலாம். அவர் தம் கஷ்டத்தை அடுத்த படிக்கு இறக்கிவிட்டார், அவ்வளவுதான். பட்டறைக்காரர் அதைத் தையல்காரர் தலையில் இறக்குவார். வீட்டிலிருந்து தைக்கும் பெண்ணுக்குக் கீழே படி இல்லை. அவர் இறக்கிவைக்க இடமில்லாமல் சுமந்துகொண்டு இருப்பார். அதிலும் வெளியூரிலிருந்து வந்த நம்மவராக இருந்தால், வாடகை வீட்டுக்காரரிடமும் பலசரக்குக் கடையிலும் சொல்லும் தவணை வேறு.

சட்டமும் நெடுங்காலம் இவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் தொழிலாளி என்பதற்குக் கொடுத்த விளக்கம், பொருளை வாங்கிப் போய் வீட்டில் வைத்துத் தைத்தோ, வெளுத்தோ, செப்பனிட்டோ கொடுப்பவரைப் பட்டியலிலிருந்து நீக்கியே வைத்திருந்தது. அதாவது அதே சட்டையைக் கடை மாடியில் உட்கார்ந்து தைத்தால் தொழிலாளி. வீட்டுத் திண்ணையில் தைத்தால் அந்தச் சட்டத்துக்கு அவர் யாரோ! 2020-இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்று ஒரு பெயராவது எழுதப்பட்டிருக்கிறது.

இடிபாட்டில் கிடைத்த பெயர்த்துண்டு

வேலை எத்தனை கை மாறினால் பொறுப்பு எங்கே போய்த் தொலைகிறது என்பதை உலகம் ஒரு நாள் கோரமாகப் பார்த்தது. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி, வங்கதேசத்தில் டாக்கா நகரத்தை அடுத்த சாவாரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே ஐந்து ஆடைக் கம்பெனிகள். 1,100-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் தையல் பெண்கள். முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டும், ஆர்டர் தவறிவிடுமென்று மறுநாள் காலையில் வேலைக்கு வரவழைத்திருந்தார்கள்.

அங்கே தைத்த உடை யாருடையது என்று கேட்டபோது, மேல்நாட்டுப் பெரிய கம்பெனிகளில் சில முதலில் கையை விரித்தன. இடிபாடுகளுக்குள் கிடைத்த சட்டைகளும், கழுத்தில் தைக்கும் பெயர்த்துண்டுகளும், ஆர்டர் தாள்களும்தான் உண்மையைச் சொல்லின. இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் முதலில் இல்லையென்று சொல்லிப் பிறகு ஒப்புக்கொண்டது அப்படித்தான். ஒரு துண்டுத் தாள் இருந்தால்தான் தைத்தவர் யாருக்குத் தைத்தார் என்று நிரூபிக்க முடியும் என்ற நிலை, கோடிக்கணக்கில் வியாபாரம் செய்யும் இடத்திலேயே இருந்தால், நம் சந்துப் பட்டறைகளைப் பற்றி என்ன சொல்ல?

சீட்டு எங்கே?

நம்மூர் வேலை பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடப்பது. நம்பிக்கை நல்லதுதான். ஆனால் பாக்கி விழுந்த அன்று, நம்பிக்கையை எந்த ஆபீசிலும் தாக்கல் செய்ய முடியாது. சட்டம் கொடுத்திருக்கும் சில ஆயுதங்கள் எல்லாமே காகிதம் கேட்கின்றன.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவரிடம் வேலை வாங்கினால், எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாது. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதத்துக்கு மாதம் வட்டிக்கு வட்டியாக. வங்கி வட்டி விகிதம் 6 என்று வைத்துக்கொண்டால் 18 ஆகிறது. மாநில அரசு அமைத்த வசதிக் கவுன்சிலில் முறையிடலாம். கவுன்சிலின் தீர்ப்பை எதிர்த்து வேலை வாங்கியவர் கோர்ட்டுக்குப் போனாலும், தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வழக்கை நடத்த முடியும்.

பதிவு என்றதும் மலைக்க வேண்டாம். 2020 ஜூலை முதல் உத்யம் என்ற பெயரில் நடக்கும் பதிவு இலவசம். ஆதார் எண்ணும் பான் எண்ணும் போதும். ஒரே மிஷின் வைத்துக் கூலிக்குத் தைப்பவரும் தம் பெயரில் பதிந்துகொள்ளலாம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போய் ஏமாறாதீர்கள். இன்னொன்று: பாக்கி விழுந்த பிறகு ஓடிப்போய்ப் பதிந்தால் பழைய பாக்கிக்கு அது செல்லுமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போன தகராறு. ஆர்டர் எடுக்கும் முன்பே பதிந்துவைத்திருப்பவருக்கு அந்தத் தலைவலி இல்லை.

இதற்குப் பக்கபலமாக 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரியில் ஒரு முடிச்சுப் போட்டது. குறு, சிறு தொழிலுக்குச் சேர வேண்டிய தொகையைச் சட்டத் தவணைக்குள் கொடுக்காத வியாபாரி, கொடுக்கும் ஆண்டு வரை அந்தத் தொகையைச் செலவுக் கணக்கில் கழிக்க முடியாது என்று ஆக்கிவிட்டது. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் அது அமலுக்கு வந்தபோது ஜவுளி வியாபாரிகள் கலங்கினார்கள். மூன்று மாதம், ஆறு மாதம் கடனில் ஓடும் தொழில் அல்லவா! பதிவு இல்லாதவர்களுக்கே வேலையைக் கொடுத்துவிடுவோம் என்று சிலர் பேசியதும் உண்டு. சட்டம் எந்தப் பக்கம் கதவைத் திறந்தாலும் வியாபாரம் ஜன்னலைத் தேடும்.

கடைகளில் கணக்கு எழுதும் நம் குமாஸ்தா நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. துணியை வேலைக்கு அனுப்பும்போது டெலிவரி சலான் எழுதுவது ஜி.எஸ்.டி. சட்டப்படி உங்கள் முதலாளியின் பாதுகாப்புக்கே தேவை. அனுப்பிய துணி ஒரு வருஷத்துக்குள் திரும்பி வராவிட்டால், அனுப்பிய தேதியிலேயே விற்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். திருப்பூருக்கோ நாகர்கோவிலுக்கோ தைக்க அனுப்பினால், களியக்காவிளை தாண்டுகிற சரக்கு ஐயாயிரம் ரூபாய்க்கானாலும் ஈ-வே பில் கட்டாயம். உள்ளூரில் உள்ள 50,000 ரூபாய் வரம்பு, வேறு மாநிலத்துக்கு ஜாப் ஒர்க் போகும் சரக்குக்குப் பொருந்தாது. இது தெரியாமல் வழியில் வண்டி நின்றால், முதலில் திட்டு வாங்குவது நீங்கள்தான்!

அந்தச் சலானின் ஒரு நகலைத் தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அதில் மூன்று வரி கூடுதலாக எழுதினால் போதும்: எண்ணிக் கொடுத்த துண்டு இத்தனை, துண்டுக்குக் கூலி இவ்வளவு, பணம் தரும் தேதி இது. தைக்கத் தொடங்கும் முன் துணியில் கண்ட ஓட்டை, கறைகளைத் தைப்பவரே அதன் பின்புறம் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளட்டும். மேலே பார்த்த கணக்கில் அந்த 7,500 ரூபாய் கழிவு இந்த ஒரு குறிப்பால் பாதியாகியிருக்கும்.

தையல் வேலை செய்பவர்களுக்கென்று கேரளத்தில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு க்ஷேம நிதி வாரியம் இருக்கிறது. நம்மவர்களில் பலர் அதன் பக்கம் போனதில்லை. நாம் வெளியூர்க்காரர்கள், நமக்குத் தர மாட்டார்கள் என்ற தயக்கம்தான். அவர்கள் இல்லையென்று சொல்வதற்கு முன் நாமே சொல்லிக்கொள்வானேன்? வயசு, வேலை, வசிப்பிடம் பற்றி என்னென்ன சான்று வேண்டும் என்று நேரில் போய்க் கேட்டுவிடலாம். யாருக்குத் தைக்கிறீர்கள் என்று அங்கேயும் கேட்பார்கள். அப்போது காட்டுவதற்கு அந்தச் சலான் நகல் பையில் இருக்கட்டும். கார்பன் வைத்து எழுதும் நகல் புத்தகம் சாலையிலேயே, ஜவுளிக் கடைகளுக்கு நாலு அடி தள்ளி, எந்தக் காகிதக் கடையிலும் கிடைக்கிறது.